ஒரு பழைய ஜீப்பின் வம்ச வரலாறு

(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூடுகையில் புதிய கட்டடங்களைப் பற்றியும் புதிய கருவிகளைப் பற்றியும் சொல்லுவது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு ஒரு பழைய ஜீப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு அனுமதி தாருங்கள். எங்கள் குறை ஒன்றை உங்கள் முன் ஒத்துக்கொள்ள வேண்டியும் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாலிபர் ஒரு ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து நம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். பழைய வண்டிகளை வாங்கிச் செப்பனிடுவது அவருக்குப் பிரியமான வேலை. "இது இரண்டாம் உலகப் போரில் ஓடின வண்டி, பர்மா எல்லையைப் பார்த்த வண்டி" என்று சொல்லி, விற்றவர் அதற்கேற்ற விலையும் வாங்கியிருக்கிறார். வாலிபர் பச்சை வர்ணத்தைச் சுரண்டியபோது, அதற்கு அடியில் நீலம் இருந்தது. நீலத்துக்கு அடியில் வெள்ளை. வெள்ளையின்மேல் மங்கலாக ஒரு சிவப்புக் குறி. நன்றாகத் துடைத்துப் பார்த்தால், அது செஞ்சிலுவையின் ஒரு கை.

"ஐயா, இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஜீப் வைத்திருந்த ஆஸ்பத்திரி எது என்று விசாரித்தேன். உங்களைத்தான் சொன்னார்கள். இது உங்கள் வண்டியா?" என்று கேட்டார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. நம்மிடம் ஜீப் இருந்தது உண்மை. அதைப் பழைய சாமான்களோடு எடைக்கு விற்றதும் உண்மை. விற்கும்போது அதன் ஓட்டப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். மீதிக் காகிதங்களில் பெரும்பகுதியை, அலுவலகம் இடம் மாறியபோது, கறையான் அரித்த கட்டு என்று எரித்துவிட்டோம். உங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும் காணிக்கை சேர்த்து வாங்கிக் கொடுத்த வண்டி அது. அதன் எண்ணைக்கூட எங்களால் சொல்ல முடியவில்லை. அன்று நாங்கள் வெட்கப்பட்டோம்.

அந்த வாலிபர் பொறுமையுள்ளவர். ஒரு வண்டியின் பூர்வீகத்தை எப்படித் தேடுவது என்று எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார். முதலில் வண்டியையே விசாரிக்க வேண்டுமாம். போர்க்கால ஜீப்புகளை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரண்டு கம்பெனிகள் செய்தன. இரண்டும் சேர்ந்து 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைக் கட்டின. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஃபோர்டு கம்பெனி தன் போல்ட்டுகளின் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து வைத்தது. முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பள்ளம்போல் இருந்தால் ஃபோர்டு. ஸ்டியரிங் இடது பக்கத்தில் இருக்கும். எஞ்சின் மூடி தாழ்வாக இருக்கும்.

நம் முன் நின்ற வண்டியின் எஞ்சின் மூடியோ உயரமானது. 1953-ல் வில்லிஸ் கம்பெனி உயரமான புது எஞ்சினை வைத்தபோதுதான் அந்த மூடியையும் உயர்த்தியது. அந்த மாதிரியை நம் தேசத்தில் மஹிந்திரா கம்பெனி நீண்ட காலம் கட்டியது. ஸ்டியரிங்கும் வலது பக்கத்தில் இருந்தது. ஆகவே அது போர் பார்த்த வண்டி அல்ல என்பது அங்கேயே தெளிவாயிற்று. வாலிபரின் முகம் வாடியதை நாங்கள் கண்டோம். "எனக்கும் சந்தேகம் இருந்தது ஐயா, ஆனாலும் நம்பிக்கொண்டிருந்தேன்" என்றார்.

எஞ்சின் எண்ணாலும் பயன் இல்லை. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஜீப்புகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது நம் ஊர்களில் சாதாரணம். இந்த வண்டிக்கும் அப்படியே நடந்திருந்தது. சேஸிஸ் எண் ஒன்றுதான் மிச்சம். அதை ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் காகிதம் இல்லை.

அதற்குப் பின் இந்தத் தேடல் எங்களை விடவில்லை. மற்ற தேசங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வாசித்தோம். இங்கிலாந்தில் கேய்டன் என்னும் இடத்தில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சேஸிஸ் எண்ணை எழுதிக் கட்டணம் செலுத்தினால், வண்டி எந்தத் தேதியில் கட்டப்பட்டது, எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் கொடுப்பார்கள். ஆனால் தொழிற்சாலைப் பதிவேடு தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் அந்த வண்டி யாருக்கு உழைத்தது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளின் கதையைச் சொல்லுகிறோம். 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. அங்கே நின்ற வண்டிகளில் ஒன்று பிற்பாடு காணாமற்போயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் அதைக் கண்டுபிடித்தபோது, அது பிறந்த சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து சில மைல் தூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. கம்பெனியின் வல்லுநர்கள் மாதக்கணக்கில் பதிவேடுகளைப் புரட்டித்தான் அதன் பூர்வீகத்தை உறுதி செய்தார்கள். அது கடைசியாகச் சாலையில் ஓடியது 1960-களில். அதன்பின் இருபது ஆண்டுகள் வேல்ஸ் நாட்டு வயல் ஒன்றில், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டி மற்ற வேலைகளுக்குச் சக்தி கொடுத்துக்கொண்டிருந்தது. அதைச் செப்பனிடப் போவதாக 2018-ல் கம்பெனி அறிவித்தது.

இரண்டாவது வண்டியின் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு வாலிபர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வண்டிக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்றும் மற்றதற்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகம் புகழ் பெற்றது. கேம்பிரிட்ஜ் வண்டி பின்னொரு பயணத்தில் பள்ளத்தாக்கில் விழுந்து அழிந்துபோயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு என்னவாயிற்று? அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள அசென்ஷன் தீவுக்குப் பறவை ஆராய்ச்சிக்காரர்களோடு போயிற்று. அங்கிருந்து, நெப்போலியன் சிறையிருந்து மரித்த செயின்ட் ஹெலினா தீவுக்குப் போயிற்று. அந்தத் தீவின் மேடு பள்ளங்களில் பல்லாண்டு உழைத்து, துருப்பிடித்து ஓய்ந்தது. 2017-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து செப்பனிட்டார்கள். 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, டிசம்பரில் லண்டன் வந்து சேர்ந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஸ்லெஸ்ஸரும் அதில் வருவதாக இருந்தது. உடல்நலம் இடங்கொடாமற்போகவே, அவருடைய பேரன் அவர் இடத்தில் உட்கார்ந்து வந்தார்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு கணக்குத் தோன்றியது. அந்த வண்டியின் புகழெல்லாம் 1955-56-ன் ஆறு மாதத்துக்கு உரியது. அறுபது ஆண்டுகளில் மற்றவை பேரில்லாத ஆண்டுகள். தேடுகிறவர்கள் புகழைத் தேடிப் போகிறார்கள். ஆனால் வண்டி காப்பாற்றப்பட்டது எப்படி? யாரோ ஒரு தீவுவாசி அதை வேலைக்கு உதவும் என்று வைத்துக்கொண்டதினால். வேல்ஸ் நாட்டு வயலில் நின்ற வண்டியும் அப்படித்தான்.

மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை அநேகர் வேகமாய்த் தாண்டிப் போகிறோம். ஆபிரகாமையும் தாவீதையும் அறிவோம். அபியூத், ஆசோர், ஆகீம் என்கிறவர்கள் என்ன செய்தார்கள்? வேதத்தில் வேறெங்கும் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். வண்டியின் வம்ச வரலாறும் இப்படிப்பட்டதே.

எனவே நாங்கள் பதிவேட்டை விட்டு மனிதரைத் தேடினோம். நம்மிடம் ஜீப் ஓட்டிய டிரைவர் ஓய்வு பெற்று, தம் மகள் வீட்டில் இருக்கிறார். வாலிபர் ஜீப்பையே அங்கே ஓட்டி வந்தார். பெரியவருக்கு இப்போது கண் பார்வை குறைவு. கட்டிலிலிருந்து எழுந்து வந்து, வண்டியைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். பின்பு சொன்னார்: "தம்பி, பின் சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. இடது பக்கம் தரையில ரெண்டு கொக்கி இருக்கணும். ஸ்ட்ரெச்சர் நழுவாம இருக்க நம்ம ஊர்க் கொல்லர் அடிச்சுக் குடுத்தது."

கொக்கிகள் இல்லை. ஆனால் அவர் சொன்ன இடத்தில், அறுத்து எடுத்த இரண்டு வெல்டிங் தழும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. வாலிபர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். யாரும் பேசவில்லை.

பெரியவர்தான் பேசினார். ஓர் ஐப்பசி மழை இரவில், ஓடைக்கு அப்பாலிருந்த கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மாட்டு வண்டி இறங்க முடியாத வெள்ளம். இவர் ஓடைக் கரையில் இறங்கி, காற்றாடி தண்ணீரை வாரி எஞ்சின்மேல் அடிக்காதபடி அதன் பெல்ட்டைக் கழற்றினார். நான்கு சக்கரமும் இழுக்கும்படி கியரைப் போட்டு, மெதுவாய் இறக்கினார். தண்ணீர் காலடிக்கு வந்தது. திரும்பி வரும்போது இக்கரை ஏறி நிறுத்தினார். நர்ஸ் அம்மா விளக்கைப் பிடிக்கச் சொன்னார்கள். பிள்ளை அந்த ஸ்ட்ரெச்சரிலேயே பிறந்தது. "பெல்ட்டைத் திரும்ப மாட்ட எனக்குக் கை நடுங்கிச்சு ஐயா" என்றார். இத்தனை ஆண்டுகள் நாங்கள் அவரோடு பழகியும் இதைக் கேட்டதில்லை. நாங்கள் கேட்காததினால் அவரும் சொன்னதில்லை.

சாட்சி ஒன்று கிடைத்துவிட்டது. காகிதச் சாட்சியும் வேண்டும் என்று, மருந்துக் கிடங்கின் பரணிலிருந்த பழைய கட்டுகளை இறக்கினோம். மூன்றாம் நாள், மருந்து ரசீதுகளுக்கு நடுவே ஜீப்பின் இன்சூரன்ஸ் காகிதம் ஒன்று கிடைத்தது. 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் பழைய மதராஸ் எண். அதன் கீழே சேஸிஸ் எண். வாலிபர் தம்முடைய ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். எல்லாம் ஒத்திருந்தது.

நம் ஆஸ்பத்திரிக்குப் பின் அந்த வண்டி ஒரு மலைத் தோட்டத்தில் உரமூட்டைகள் சுமந்திருக்கிறது. நீல வர்ணம் அந்தக் காலத்தது. அதற்குப் பின் ஒரு கல் குவாரியில் உழைத்திருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளுக்கு விவரம் கிடைக்கவில்லை. வாலிபர் தேடிக்கொண்டிருக்கிறார். போர் வண்டி என்று கொடுத்த விலை திரும்பாது. அதைப் பற்றிக் கேட்டோம். "போர் வண்டி என்று சொல்லியிருந்தால், யாருடைய போர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது ஓடையின் பேரைக்கூடச் சொல்லுவேன்" என்றார். பெரியவரிடம், "ஐயா, ஒரு சுற்று ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். "கண்ணு போதாது தம்பி. பக்கத்துல உக்காந்து வாரேன்" என்றார் அவர். இருவரும் கடைத்தெரு வரை போய்வந்தார்கள்.

அந்தச் செஞ்சிலுவையை மறுபடியும் வரையலாமா என்று வாலிபர் கேட்டார். வேண்டாம் என்றோம். அந்தச் சின்னம் சர்வதேச உடன்படிக்கையினால் காக்கப்பட்டது. நம் தேசத்தில் 1960-ம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் அதை யாரும் பயன்படுத்தக் கூடாது. அந்த நாளில் நாங்களும் அறியாமல்தான் தீட்டியிருந்தோம். அதை அழிக்கவும் வேண்டாம், புதுப்பிக்கவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. கதவு முழுவதும் புது வர்ணம் பூசி, உள்ளங்கை அளவு இடத்தை மாத்திரம் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். பச்சை, நீலம், வெள்ளை, சிவப்பு நான்கும் அங்கே தெரியும்.

அன்பானவர்களே, இப்போது எங்கள் ஒவ்வொரு வண்டியிலும் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. வண்டியின் எண்கள், கொடுத்தவர்கள், எந்த இரவு எந்த ஊருக்குப் போயிற்று என்பது எல்லாம் அதில் எழுதப்படுகிறது. வண்டியை விற்றாலும் நோட்டை விற்பதில்லை.

உங்களிடம் இன்று நாங்கள் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் அந்த ஜீப்பின் பழைய போட்டோ, நன்கொடை ரசீது, கடிதம் ஏதாவது இருந்தால், நகல் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். காகிதம் இல்லாவிட்டால், வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்த ஓடைக்கரையில் பிறந்த பிள்ளை யார் என்று அறிந்தவர்கள் இருந்தால், பெரியவருக்குத் தெரிவிக்க ஆசைப்படுகிறோம். அவர் தினமும் கேட்கிறார்.