முதற் கப்பற் பயணம்

2023 யூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலொன்று காங்கேசன்துறைக்கு வந்தது. ஒக்டோபரில் நாகபட்டினத்துப் பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கி, சில நாட்களில் வாடைப் பருவத்தால் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது. கடலில் தலைசுற்றுபவர், அதிலும் நீரிழிவுடையவர், முதலில் எதில் ஏறுவது?

உல்லாசக் கப்பல் பெரியது, ஆட்டம் குறைவு, வைத்தியரும் உடனிருப்பார். ஆயினும் உடல் ஒவ்வாவிடின் நடுக்கடலில் இறங்க இயலாது. நாகைப் பயணமோ ஏறத்தாழ நான்கு மணி நேரம். துன்பமும் அதனோடு தீரும். உடலைச் சோதித்தறிய அதுவே போதும். கப்பலைவிட மாதத்தைத் தெரிவதே பெரிது. சோளகமும் வாடையும் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையே நன்று.

இம்மயக்கம் வயிற்றில் தொடங்குவதன்று. உட்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத அறையைக் காண்கிறது, மூளை குழம்புகிறது. ஆதலின் கப்பலின் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தை நோக்குக, புத்தகத்தை மூடிவிடுக. குளிசையைப் புறப்படுமுன்னரே விழுங்கவேண்டும். கண்ணழுத்த நோயோ சிறுநீர்த் தடையோ உள்ளவர் வைத்தியரைக் கேளாது அதைத் தொடலாகாது.

இன்சுலின் ஏற்றியவர் வாந்தியெடுத்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். பட்டினியோடு ஏறுவது வீரமன்று. மருந்தும் சிறிது சர்க்கரையும் பெட்டிக்குள் அல்ல, மடியிலேயே இருக்கட்டும்.