ஊகம் வேண்டாம், உள்ளே பாருங்கள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



2011-இல் சோஹோ தென்காசிக்கு வந்தபின், கம்ப்யூட்டர் வேலை என்றாலே சென்னைக்கு பஸ் ஏறணும் என்ற நிலை மாறிவிட்டது. ஆகவே வேலைக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்காகப் பிறந்த மொழி. 2009-இல் ரையன் டால் உருவாக்கிய நோட்.ஜே.எஸ். அதை சர்வரிலும் பரவலாக ஓடவைத்தது. பிரவுசரில் பிழை வந்தால் எஃப்-12 அழுத்திப் பார்க்கிறோம். சர்வரில் வந்தால்? பலரும் வரிக்கு வரி கன்சோல்.லாக் போட்டு ஊகம் பண்ணுகிறார்கள்.

ஓர் உதாரணம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு புக்கிங் புரோகிராம் எழுதுகிறீர்கள். அறை 900, கூடுதல் படுக்கை 200. மொத்தம் 1100 வரணும், 900200 வருகிறது! லாக்கில் பார்த்தால் 900, 200 என்று சரியாகத்தான் தெரியும். அவை எண்கள் அல்ல, எழுத்துக்கள் என்பதை லாக் காட்டாது.

குரோமுக்கும் நோடுக்கும் உள்ளே இருப்பது வி-8 என்ற ஒரே எஞ்சின். 2016-இல் வந்த நோட் 6.3 முதல், 'இன்ஸ்பெக்ட்' என்ற ஆப்ஷனோடு புரோகிராமைத் துவக்கினால், குரோமின் டெவலப்பர் டூல்ஸ் அதனுடன் இணைந்துகொள்ளும். கூட்டல் வரியில் பிரேக்பாயிண்ட் வையுங்கள். புரோகிராம் அங்கே நிற்கும். "900" மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபாரத்திலிருந்து வந்ததை எண்ணாக மாற்றவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு எச்சரிக்கை. மெயின் அருவியில் வெள்ளம் வந்து தடை போட்டால் குளிக்க வந்த அத்தனை பேரும் நிற்கிறார்களே, அதுபோல பிரேக்பாயிண்டில் சர்வர் நின்றால் எல்லா வாடிக்கையாளரும் காத்திருக்கணும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் இதைச் செய்யாதீர்கள். சோதனைப் பிரதியில் செய்யுங்கள். அடுத்து, இந்த வசதி 9229 என்ற போர்ட்டில், வழக்கமாக உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டுமே திறந்திருக்கும். அதை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டால், எவனும் நுழைந்து தன் கட்டளைகளை உங்கள் சர்வரில் ஓட்டலாம். தூரத்து சர்வரைப் பார்க்கணும் என்றால் எஸ்.எஸ்.எச். டனல் வழியாகப் போங்கள்.

இதற்குப் பெரிய நகரமும் வேண்டாம், காசும் வேண்டாம். தெரியாததை ஊகிக்காமல், நிறுத்திப் பார்க்கும் பொறுமை போதும். அந்தப் பழக்கத்தோடு போனால் எந்தக் கம்பெனியிலும் உங்களை மதிப்பார்கள்.