குருதித் தூசியும் அதை அளக்கும் கோலும்

கல்முனைக் கடலிலே விடியற்காலையில் வளைக்கப்பட்ட கரைவலை, வெயில் ஏறும் வேளையில் கரையை அடைகின்றது. மடியை அவிழ்த்துக் கொட்டியதும், 'இன்று மீன் இவ்வளவு' என்று ஒரு கணக்குப் பிறக்கின்றது. அந்தக் கணக்கு கடலில் இருந்த மீனின் கணக்கன்று. வலையின் கண்ணில் அகப்பட்ட மீனின் கணக்கு. கண் அகன்ற மடியிலே பாரை நிற்கும். நெத்தலி கழிந்து போய்விடும். மருதமுனையில் ஒருவர் சிறுகண் வலையாலும், நிந்தவூரில் ஒருவர் பெருங்கண் வலையாலும் ஒரே நாளில் மீன் பிடித்துவிட்டு, 'எங்கள் கடலில் மீன் மிகுதி, உங்கள் கடலில் குறைவு' என்று வாதிடுவாராயின், கேட்போர் நகைப்பர். ஆயினும் குருதியிலே உலவும் மிக நுண்ணிய துணிக்கைகளை எண்ணும் துறையில், உலகின் தேர்ந்த ஆய்வுகூடங்கள் நெடுங்காலம் ஏறத்தாழ இவ்வாறே வாதிட்டு வந்தன.

இந்தத் துணிக்கைகள் எவை? உடலின் கலங்கள் தம் மேற்சவ்விலிருந்து சிறு சிறு குமிழ்களைக் கழற்றி வெளியே விடுகின்றன. அறிவியலார் அவற்றைப் புடகங்கள் என்பர். குருதியில் உள்ள செங்குழியம் ஒன்றின் விட்டம் ஏழு அல்லது எட்டு மைக்கிரோமீற்றர். குருதி உறைவதற்கு உதவும் சிறுதட்டு இரண்டு அல்லது மூன்று மைக்கிரோமீற்றர். புடகங்களோ பெரும்பாலும் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைந்தவை. பலவற்றின் விட்டம் அதன் பத்தில் ஒரு பங்கே. சாதாரண நுணுக்குக்காட்டியின் கண்ணுக்கு அவை தப்பிவிடுகின்றன.

1946 ஆம் ஆண்டில், நியூயோர்க்கிலே ஏர்வின் சார்காப், ரண்டொல்ப் வெஸ்ற் என்னும் இருவர், குருதியின் மஞ்சள்நிறத் திரவமாகிய பிளாஸ்மாவைப் பெருவேகத்திற் சுழற்றினர். மேலே நின்ற தெளிவு உறைவதற்கு முன்னினும் நீண்ட நேரம் எடுத்தது. அடியிற் படிந்ததைத் திரும்பச் சேர்த்தபோது விரைந்து உறைந்தது. ஆகவே உறைதலைத் தூண்டும் நுண்பொருள் ஒன்று அந்தப் படிவிலே இருந்தது. 1967 ஆம் ஆண்டில் பீற்றர் வூல்ப் என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையோடு, சிறுதட்டுக்களிலிருந்து உதிரும் துணிக்கைகளை விவரித்து, அவற்றைச் 'சிறுதட்டுத் தூசி' என்று அழைத்தார். தூசி என்றதனாற்போலும், பலர் அதனைப் பல ஆண்டுகள் குப்பையென்றே எண்ணிவிட்டனர். பெயர் வைப்பதிலும் ஒரு பொறுப்பு உண்டு.

அந்தத் தூசிக்கும் அம்பாறைக் கரைக்கும் உள்ள தொடர்பு டெங்குக் காய்ச்சலாகும். இலங்கையில் இந்நோய் 1962 ஆம் ஆண்டிற் குருதிச் சோதனை மூலம் உறுதிப்படுத்தப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,000 இற்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. 400 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தின் கரையோரம், சுகாதார நிருவாகத்தில் கல்முனை என்ற தனிப்பிரிவாக இருத்தலின், அதன் நோய்க்கணக்கும் தனியே வெளிவருகின்றது. கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடையிலுள்ள ஒடுங்கிய மணல்மேட்டில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் ஊர்கள் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, முற்றத்துச் சிரட்டையிலும் கூரைப் பீலியிலும் நீர் தேங்கி நிற்கும் நாட்களில், நுளம்புக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேண்டியதில்லை.

அந்நாட்களில் ஆசுபத்திரி விறாந்தையிலே காத்திருக்கும் தாய் தந்தையர் ஒரேயொரு எண்ணைத்தான் வினவுவர். 'பிளேற்றிலெற் எவ்வளவு?' என்பதே அக்கேள்வி. சுகதேகி ஒருவரின் ஒரு மைக்கிரோ லீற்றர் குருதியிலே 150,000 முதல் 450,000 வரை சிறுதட்டுக்கள் இருக்கும். டெங்குவில் அது இறங்கும். காலையில் ஓர் ஆய்வுகூடத்தில் எடுத்த எண்ணும், மாலையில் வேறோர் ஆய்வுகூடத்தில் எடுத்த எண்ணும் வேறுபட்டால், வீட்டிலே அன்றிரவு உறக்கமில்லை. நோய் முற்றியதா, கருவி வேறானதா என்பதை அந்தச் சிறு கடதாசி சொல்வதில்லை.

நன்கு பழகிய இந்தச் சிறுதட்டுக் கணக்கிலும் பிழை புக வழியுண்டு. குருதி உறையாதிருக்கச் சோதனைக் குழாயில் இடப்படும் ஈ.டி.ரீ.ஏ. என்னும் இரசாயனம், சிலருடைய குருதியில் சிறுதட்டுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடும். ஒட்டிய கூட்டத்தைக் கருவி சிறுதட்டென்று கொள்ளாது. உடலிலே போதிய அளவு இருக்க, கடதாசியிலே ஆபத்தான குறைவு தோன்றும். ஐயம் எழுந்தால், ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டிலே தேய்த்து நுணுக்குக்காட்டியாற் பார்ப்பதும், சித்திரேற்று இட்ட குழாயில் மீண்டும் குருதி எடுப்பதும் இதனாலேதான். மூன்று மைக்கிரோமீற்றர்ப் பொருளுக்கே இந்தக் காவல் வேண்டுமாயின், அதன் பத்தில் ஒரு பங்கினதாகிய பொருளுக்கு எத்தகைய காவல் வேண்டும்!

அதனை ஏன் எண்ண வேண்டும் என்று வினவலாம். டெங்குவில் உயிரைக் குடிப்பது சிறுதட்டின் குறைவு மட்டுமன்று. குருதிக்குழாய்களின் சுவர் இளகிப் பிளாஸ்மா வெளியே கசிவதே பெருங்கேடு. 2013 ஆம் ஆண்டிற் பிறேசில் நாட்டு ஆய்வாளர், டெங்குவினால் தூண்டப்பட்ட சிறுதட்டுக்கள் உதிர்க்கும் துணிக்கைகள் அழற்சிப் பொருளைச் சுமந்து சென்று, குழாய்ச் சுவரைக் கசியச் செய்யக்கூடும் எனக் காட்டினர். 2019 ஆம் ஆண்டிலே தாய்வான் ஆய்வாளர், இவ்வாறு உதிரும் புடகங்கள் வெண்குழியங்களைத் தூண்டி நோயைக் கடுமையாக்குவதையும், அந்தத் தூண்டுதல் தடுக்கப்பட்ட எலிகள் மிகுதியாக உயிர் தப்பியதையும் கண்டனர். எனவே, எந்த நோயாளிக்குக் கசிவு வரப்போகின்றது என்பதை இத்தூசி முன்கூட்டியே உரைக்குமோ என்ற நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கை நல்லதே. ஆனால் 'இத்தனைக்கு மேல் ஆபத்து' என்று எல்லைக்கோடு இடுவதற்கு, கொழும்பின் 'இத்தனை'யும் கல்முனையின் 'இத்தனை'யும் ஒன்றாதல் வேண்டுமே!

தொல்லை ஊசி ஏறும் கணத்திலேயே தொடங்குகின்றது. கையை நெடுநேரம் இறுகக் கட்டினால், மெல்லிய ஊசியால் விசையோடு இழுத்தால், குழாயைக் குலுக்கினால், சிறுதட்டுக்கள் சினமுற்றுப் புதிய புடகங்களை உதிர்க்கும். நோயாளியின் உடலில் இல்லாதது குழாயிலே பிறந்துவிடும். ஆகவே முதலில் வரும் சில மில்லிலீற்றரை ஒதுக்கி வைப்பதும், குழாயை நிமிர்த்தியபடியே கொண்டு செல்வதும், சில மணி நேரத்துள் வேலையை முடிப்பதும் விதிகளாயின. பின்னர் நிமிடம் பதினைந்தாக இருமுறை சுழற்றி, முழுச் சிறுதட்டுக்களை நீக்குதல் வேண்டும். இதனைச் சரிவரச் செய்யாமல் உறைய வைத்தால், எஞ்சிய சிறுதட்டுக்கள் உருகும்போது உடைந்து ஆயிரமாயிரம் துணிக்கைகளாகிவிடும். கல்முனையிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியிலே பேருந்திற் குலுங்கிச் செல்லும் குழாய் எதைச் சொல்லும்? நோயாளியின் கதையோடு வீதியின் கதையையும் கலந்து சொல்லும்.

அடுத்தது கருவி. புளோ சைற்றோமீற்றர் என்னும் கருவியிலே துணிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடந்து செல்கின்றன. ஒவ்வொன்றும் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு அதன் பருமன் மதிக்கப்படுகின்றது. ஒளியின் அலைநீளத்திலும் மிகச் சிறிய பொருளின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அது சிதறும் ஒளி பாதியாவதில்லை. 64 இல் ஒரு பங்காகிவிடுகின்றது. ஆகவே ஒரு கருவிக்குத் தெரியும் துணிக்கை மற்றொன்றுக்குத் தெரியாது. இதுவே வலைக்கண்ணின் வேறுபாடு. இன்னும் ஒரு விந்தை: பல நுண்துணிக்கைகள் ஒரே கணத்தில் ஒளியைக் கடந்தால், கருவி அக்கூட்டத்தை ஒரே துணிக்கையென எண்ணிவிடும். நெத்தலிக் கூட்டத்தைத் தூரத்தில் நின்று ஒரு பெருமீன் என்பது போன்றது இது. ஒல்லாந்து ஆய்வாளர் 2012 ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். மாதிரியை இருமடங்கு நீர்த்தால் எண்ணிக்கை பாதியாகின்றதா என்று பார்ப்பது இதற்கு எளிய சோதனை. இவை போதாவென்று, உணவு உண்டபின் குருதியில் மிதக்கும் கொழுப்புத் துணிக்கைகளும் புடகவேடம் பூண்டு வருகின்றன.

இக்குழப்பத்தைத் தீர்க்கச் சருவதேசக் குருதியுறைதற் சங்கம் முன்வந்தது. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர் முன்னின்று நடத்திய கூட்டுமுயற்சியின் முடிவு 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 0.5, 0.9 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள பொலிஸ்ரைரீன் மணிகள் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கும் அனுப்பப்பட்டன. எல்லோரும் அம்மணிகளைக் கொண்டே எல்லை வகுத்து எண்ணினர். கூர்மையான கருவிகளிடையே முடிவுகள் நெருங்கி வந்தன. ஏனைய கருவிகள் அத்தேர்வுக்கே தகுதியற்றவை எனத் தெரிந்தது. தகுதியின்மையைத் தெரிந்துகொண்டதும் ஒரு பேறே.

ஆயினும் மணியிலும் ஒரு குறை இருந்தது. பொலிஸ்ரைரீனின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.6, புடகத்தினதோ ஏறத்தாழ 1.4. ஆகையால் ஒரே பருமனாயினும் மணி மிகப் பிரகாசமாகவும் புடகம் மங்கலாகவும் தோன்றும். 0.5 மைக்கிரோமீற்றர் மணியின் ஒளிக்கு ஈடாக நிற்பது அதனினும் பெரிய புடகமே. சூடடிக்கும் களத்தில் ஒரே மரைக்காலைக் கொண்டு ஒருவர் தலைதட்டியும் மற்றொருவர் கும்பமாகவும் அளந்தால் நெல்லின் கணக்கு ஒன்றாகுமா? அதுபோன்றதே இதுவும். எனவே ஒளியளவை உண்மையான விட்டமாக மாற்றும் கணிதமுறை வகுக்கப்பட்டு, உலகின் பல ஆய்வுகூடங்களில் 46 கருவிகளில் அது சோதிக்கப்பட்டது. முடிவு 2018 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐரோப்பிய அளவியல் நிறுவனங்களும் சேர்ந்து, புடகத்தின் ஒளிக்கு நெருங்கிய ஒளியைத் தரும் உள்ளீடற்ற சிலிக்கா மணிகளை ஆக்க முனைந்தன. எந்த ஆய்வாளரும் எவற்றை மறைக்காது எழுதவேண்டும் என்று புடக ஆய்வுச் சங்கம் 2014, 2018, 2023 ஆம் ஆண்டுகளில் நெறிகளை வகுத்தது. குருதி எடுத்த விதமும், சுழற்றிய வேகமும், கருவி காணக்கூடிய மிகச் சிறிய அளவும் சொல்லப்படாத எண்ணுக்கு இன்று மதிப்புக் குறைவு.

இவ்வளவு நடந்தும், புடகக் கணக்கு வழக்கமான வைத்தியசோதனையாக இன்னும் நோயாளியின் கட்டிலருகே வந்து சேரவில்லை. டெங்கு நோயாளியை வைத்தியர் காப்பது, நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் சிறுநீரின் அளவையும், குருதியில் செங்குழியங்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. எண்ணையும் மணிக்கணக்கில் கவனித்தே. கசிவு தொடங்கினால் பி.சி.வி. ஏறும். அது 36 இலிருந்து 44 ஆக ஏறினாற் பொருளுண்டு. ஆனால் இரு எண்களும் ஒரே கருவியில், ஒரே முறையில் எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆகவே வீட்டார் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்று உளது. ஊர்விட்டு ஊர் மாறி ஆய்வுகூடம் தேடாது, கூடியவரை ஒரே இடத்திற் சோதனை செய்வித்து, ஒவ்வொரு கடதாசியிலும் நாளும் நேரமும் ஆய்வுகூடத்தின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து வைத்தியரின் கையிற் கொடுப்பதே அது.