தேகாப்பியாசக் கூடத்தில் நல்லொழுங்கு

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இந்தத் தலைப்பில் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது நண்பர்கள் சிலர் நகைத்தனர். கோயிலில் ஒழுங்கு, வகுப்பறையில் ஒழுங்கு, பந்தியில் ஒழுங்கு என்றால் விளங்குகிறது. இரும்பு தூக்கும் இடத்தில் என்ன ஒழுங்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுவதே எனது நோக்கம்.

இன்று எல்லோரும் ‘ஜிம்’ என்றழைக்கும் இக்கூடம் யாருக்கு உரியது? பருத்த புயமும் விரிந்த மார்பும் உடைய வாலிபருக்கே உரியது என்பது பொது எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது. வளர்ந்தோர் யாவரும் வாரத்தில் இரண்டு நாட்களாயினும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. 65 வயதை எட்டியோர் தவறி விழாதிருக்கும் பொருட்டு, உடலின் சமநிலையையும் வலுவையும் பேணும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களாயினும் செய்தல் வேண்டும் என்றும் அது சொல்கின்றது. ஆகவே நீரிழிவு கண்ட தந்தையார், முழங்கால் நோவுள்ள தாயார், மெலிந்த மாணவன், பரீட்சைக்குப் படிக்கும் தங்கை ஆகிய அனைவருக்கும் இக்கூடம் உரியது.

ஆனால் எங்கள் ஊர்க் கூடங்களை மாலை வேளையில் எட்டிப் பாருங்கள். எப்பொழுதும் அதே பத்துப் பேர். புதிதாக வருபவர் ஒரு வாரம் வருகிறார், பின்னர் காணோம். பணமும் நேரமும் மட்டும் இதற்குக் காரணமல்ல. உள்ளே இருப்பவர்களின் நடத்தையும் ஒரு காரணம் என்பது என் துணிபு. அப்படி விரட்டுபவர்கள் தீயவர்களல்லர், நம்மிற் சிலர்தாம். அவர்களுட் சிலரை உங்களுக்கு அறிமுகஞ் செய்து வைக்கிறேன்.

முதலாமவர் ஆசனபதி. வாங்கு ஒன்றைப் பிடித்தால் அதன்மேல் அமர்ந்து கைத்தொலைபேசியைத் திறந்துவிடுவார். கேட்டால், “இளைப்பாறுகிறேன்” என்பார். பாரமான பயிற்சிகளில் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறுதல் அவசியமே. அதைக் குறை கூறவில்லை. ஆனால் அந்த நிமிடங்களில் வாங்கு சும்மா கிடக்கத் தேவையில்லை. “நீங்கள் இளைப்பாறும்போது நான் ஒருமுறை செய்யட்டுமா?” என்று ஒருவர் கேட்பதும், “தாராளமாக” என்று மற்றவர் எழுந்து நிற்பதும் எவ்வளவு எளிது! இருவர் மாறிமாறிச் செய்தால் ஒருவர் உழைக்கும் நேரமே மற்றவருக்கு ஓய்வு நேரமாகிவிடும். எழும்பும்போது தமது துவாயினால் வியர்வையைத் துடைத்துவிடுவதும் ஆசனபதியின் கடமை. படர்தாமரை போன்ற சரும நோய்கள் பொதுவில் பாவிக்கும் பாய்கள், வாங்குகள், துவாய்கள் மூலமும் தொற்றக்கூடியவை.

இரண்டாமவர் இடிமுழக்கர். பாரம் தூக்கும்போது தாமாக வெளிவரும் முனகலை நான் ஏசமாட்டேன். மூச்சை அடக்கி வலுவெடுக்கும் உடம்பு சத்தமிடத்தான் செய்யும். இவருடைய முழக்கமோ அறையிலுள்ளோர் திரும்பிப் பார்ப்பதற்காக எழுவது. முழக்கம் முடிந்ததும் இரும்பைத் தரையில் எறிவார். பளுதூக்கற் போட்டிகளில் வீரர் பாரத்தைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்தி, நடுவரின் சமிக்ஞை கிடைத்தபின் அதனைக் கீழே விடுவது உண்மைதான். அங்கே இருப்பது றப்பர்த் தட்டு. அதற்கென அமைத்த மேடை. எங்கள் சீமெந்துத் தரையில் எறியப்படும் இரும்பு தரையையும் உடைக்கும், உருண்டுபோய் அயலாரின் காலையும் உடைக்கும்.

மூன்றாமவர் உபதேசியார். மிஷன் பாடசாலையிற் படித்தவன் நான். இந்தப் பெயருக்குரிய உண்மையான உபதேசியார்கள் என்னை மன்னிப்பார்களாக. கேளாத காதுக்கு ஓயாது போதிப்பவர் இவர். புதிதாக வந்த பையன் நான்கு இறாத்தல் தூக்கினாலும் வந்து நின்று, “தம்பி, அப்படியல்ல” என்பார். பெண் பிள்ளைகள் என்றால் இவரது ஞானம் இரட்டிப்பாகப் பெருகும். இந்த வருத்தம் இளைஞருக்கு மட்டுமன்று; வயதில் மூத்தோர் சிலருக்கும் உண்டென்பதைப் பணிவோடு கூறுகிறேன். ஆபத்தென்றால் உடனே ஓடிச்சென்று உதவுங்கள். வாங்கிற் படுத்துத் தூக்குபவரின் மார்பில் தண்டு அழுந்திவிட்டால் அனுமதி கேட்டு நிற்கவேண்டாம். மற்ற வேளைகளில், “ஒன்று சொல்லலாமா?” என்ற இரண்டு சொற்களைச் செலவழியுங்கள். ‘வேண்டாம்’ என்றால் மனத்தாங்கலின்றி விலகுங்கள்.

நான்காமவரைப் பற்றிப் பேசும்போது எனக்கு நகைச்சுவை வரவில்லை. அவர் படப்பிடிப்பாளர். கண்ணாடி முன் நின்று தமது புயத்தைப் படம்பிடிப்பது அவரது விருப்பம். ஆனால் அக்கண்ணாடியில் அவருக்குப் பின்னால் பயிற்சி செய்பவர்களின் உருவமும் விழுகின்றது. அவர்களின் சம்மதமில்லாமலே அப்படம் உலகெங்கும் போகின்றது. ஒரு பெண் பிள்ளை வியர்வையோடு குனிந்து நிமிரும் படம் மாலையில் எடுக்கப்பட்டால் இரவுக்குள் ஊரார் கைகளில் இருக்கும். மறுநாள் அவள் வரமாட்டாள், வரவிடவும் மாட்டார்கள். படம் எடுத்தவர் அவளைப் பார்த்துக்கூட இருக்கமாட்டார். ஆயினும் கதவு அவளுக்கு அடைபட்டது அடைபட்டதுதான். பிறர் விழும் இடத்தில் படமெடுக்க வேண்டாம். வெறித்துப் பார்க்கவும் வேண்டாம் என்று சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, எல்லாவற்றிலும் சிறியதாகத் தோன்றும் ஒரு பிழைக்கு வருகிறேன். பயிற்சி முடிந்தபின் தட்டுகளைக் கழற்றாமற் போவதே அது. கணக்குப் பாருங்கள். ஆடவருக்குரிய போட்டித் தண்டின் எடை 20 கிலோ. பலசாலி ஒருவர் ஒவ்வொரு பக்கமும் 25 கிலோத் தட்டுகள் இரண்டு மாட்டித் தூக்கிவிட்டு அப்படியே போய்விடுகிறார். தாங்கியிற் கிடக்கும் பாரம் 120 கிலோ. அடுத்து வருபவர் முதல் வாரத்து மாணவன், அல்லது ஐம்பது வயதுத் தாயார். அவர் என்ன செய்வார்? யாரையாவது கெஞ்ச வேண்டும், அல்லது திரும்பிப் போக வேண்டும். துணிந்து கழற்றத் தொடங்கி, அறியாமையால் ஒரு பக்கத்துத் தட்டுகளை முழுவதும் எடுத்துவிட்டால், மறுபக்கத்து 50 கிலோ தண்டைக் கவிழ்த்துவிடும். எழும்பும் முனை முகத்தில் அடிக்கும். பக்கத்துக்கொன்றாக மாறிமாறிக் கழற்றவேண்டும் என்பதைப் புதியவர் எப்படி அறிவார்? பலசாலிக்கு இரண்டு நிமிட வேலை. அதை அவர் செய்யாததனால் பலமற்றவர் அவமானமும் ஆபத்தும் அடைகிறார். பலத்தைத் தேடி வந்த இடத்திலே பலமில்லாத குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்படுகிறார் அல்லவா?

இதனால்தான் தேகாப்பியாசத்தையும் ஒழுங்கையும் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை. வட இந்திய மல்யுத்தக் களங்களில் வீரர்கள் தாமே மண்ணைக் கொத்திப் புரட்டிச் சமப்படுத்திவிட்டே பயிற்சி தொடங்குவர். கேரளத்துக் களரியில் நுழைபவர் வலது காலை முன்வைத்து, தரையைத் தொட்டு வணங்கி உட்செல்வர். களத்தைப் பேணுவது கூலிக்காரரின் வேலையென்று அவர்கள் ஒதுக்கவில்லை. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியாயிருந்தது.

மேல்நாட்டிலும் இப்படியே. மாசிடோனியாவில் பெரோயா என்றொரு பட்டணம் இருந்தது. வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பட்டணமே அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அந்நகரத்தார் தமது தேகாப்பியாசக் கூடத்துக்கெனச் சட்டம் இயற்றிக் கல்லிற் பொறித்தனர். அக்கல் இன்றும் இருக்கின்றது. குடிவெறியில் உள்ளவர் அங்கே பயிற்சி செய்யலாகாது என்று அது விதிக்கின்றது. அடிமைகளையும் சந்தை வியாபாரிகளையும் அது விலக்கியது. அப்பகுதி நமக்கு ஏற்புடையதன்று. ஆனால் அதிலுள்ள வேறொன்று என் மனத்தைக் கவர்ந்தது. ஆண்டுதோறும் நடைபெற்ற விழாவில் முப்பது வயதுக்குட்பட்டோருக்கு மூன்று பரிசுகள் வழங்கப்பட்டன. ஒன்று நல்ல உடற்கட்டுக்கு. மற்றொன்று உழைப்பில் ஊக்கத்துக்கு. இன்னொன்று நல்லொழுங்குக்கு! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நகரம் இளைஞனுடைய புயத்தையும் பார்த்தது. அவன் பிறரோடு நடந்துகொண்ட விதத்தையும் பார்த்தது.

நாமோ முதலாவதைத்தான் பார்க்கிறோம். அதிக பாரம் தூக்கியவருக்குக் கிண்ணம் கொடுக்கிறோம். கழற்றி வைத்தவரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆகவே நிருவாக சபையாருக்கு ஒரு விண்ணப்பம். சுவரில் ‘செய்யாதே’ என்னும் அறிவித்தல்களைக் கூட்டுவதை விட, எமது வருடாந்தப் போட்டியில் நல்லொழுங்குக்கென ஒரு பரிசை ஏற்படுத்துங்கள். அதைப் பெறுபவரைப் பலசாலிகள் தெரிவு செய்ய வேண்டாம். அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களும், பெண்களும், முதியோரும் தெரிவு செய்யட்டும். யாரிருந்தால் கூடத்துக்குள் அச்சமின்றி வரலாம் என்பதை அவர்களே நன்கறிவர்.

இளைஞர்களே! கண்ணாடியில் உங்கள் புயம் பருத்திருக்கிறதா என்று பாருங்கள், தடுக்கவில்லை. அதே கண்ணாடியில் உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்றும் பாருங்கள். அடுத்த முறைக்காகக் காத்து நிற்கும் அவருக்கு இடம்விட்டு எழும்புவதும் பலசாலி செய்யவேண்டிய தேகாப்பியாசமே. என் நண்பர்களின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான்.