உரைத்துப் பார்க்காத பொன்

(விருத்தாசலத்தில் நடைபெற்ற கட்சிப் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடு" என்ற பழமொழி பிறந்த ஊரிலே நின்று பேசுகிறேன். சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றிலே இட்டாராம். திருவாரூர்க் குளத்திலே எடுத்தாராம். புராணத்தை நம்புவதா, நகைப்பதா என்பதல்ல இன்றைய பேச்சு. அந்தக் கதையிலே எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆற்றிலே இடுமுன் ஒரு துண்டை வெட்டி மச்சமாகக் கையோடு கொண்டுபோனாராம். குளத்திலே கிடைத்ததை அதனோடு உரைத்துப் பார்த்தாராம். கொடுத்தவர் கடவுள், ஆயினும் உரைத்துப் பாராமல் ஏற்கவில்லை அடியார்!

அந்த எச்சரிக்கை நமக்கு இருக்கிறதா? 2021 ஆகத்து 13ஆம் நாள், தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்திலே வைக்கப்பட்டது. உறுப்பினர்களின் மேசைமீது கணினித் திரை ஒளிர்ந்தது. மகிழ்ந்தோம், மகிழத்தக்கதே! ஆனால், கணினி என்பது திரை மட்டுமல்ல. உள்ளே இருந்து இயக்குவது மென்பொருள். மக்கள் மன்றத்திலே நுழையும் மென்பொருள் எதுவாயினும், அதை உரைத்துப் பார்க்கும் உரிமை மக்களுக்கு உண்டா? இதுதான் என் கேள்வி.

பீங்கான் தொழிற்பேட்டைத் தோழர்களுக்கு இதை விளக்குவது எளிது. பொம்மையை வாங்குகிறவன் கையிலே பொம்மை இருக்கும், அச்சு இருக்காது. மூக்கு உடைந்தால் மீண்டும் உங்களிடம்தான் வரவேண்டும். பொம்மைக்கு அது பொருந்தும், ஆட்சிக்குப் பொருந்துமா? மென்பொருளுக்கும் அச்சு உண்டு. அதற்கு மூலநிரல் என்று பெயர். அதைப் பூட்டி வைத்துக்கொண்டு பொம்மையை மட்டும் விற்பது தனியுடைமை மென்பொருள். அச்சையும் சேர்த்துக் கையிலே கொடுப்பது கட்டற்ற மென்பொருள். எதற்கும் இயக்கலாம், உள்ளே இருப்பதை ஆராய்ந்து திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், திருத்தியதையும் வழங்கலாம். நான்கு உரிமைகள்! 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலே முளைத்து, 1991இல் பின்லாந்து மாணவர் லினசு டோர்வால்ட்சு வெளியிட்ட லினக்சால் தழைத்தது இந்த இயக்கம். விலை இல்லாதது என்பதல்ல இதன் பெருமை. விலங்கு இல்லாதது என்பதே பெருமை!

என் கதை ஒன்று சொல்கிறேன். கல்லூரியை இடையிலே விட்டவன் நான். நாடகம் என்னை விடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒரு நாடகம் எழுதி, தட்டச்சுக் கடையொன்றிலே கொடுத்துக் கணினியிலே ஏற்றினேன். கையெழுத்துப் படியைக் கரையான் தின்றது. "கவலை என்ன, கணினியிலே இருக்கிறதே" என்று இறுமாந்திருந்தேன். சென்ற ஆண்டு திறந்து பார்த்தேன். தமிழ் இல்லை, கோடும் புள்ளியும் குறியுமாக ஏதோ கிடந்தது. அந்தக் கடையிலிருந்த தனி எழுத்துரு இப்போது யாரிடமும் இல்லை, கடையும் இல்லை. என் கதாநாயகி கடைசிக் காட்சியிலே என்ன பேசினாள் என்பது எனக்கே மறந்துபோயிற்று!

போனது என் நாடகம், நாட்டுக்கு இழப்பில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்! 1967 சூலை 18இல், இம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானத்தை அறிஞர் அண்ணா சட்டமன்றத்திலே கொண்டுவந்தார். மன்றம் ஒருமனதாக ஏற்றது. அந்த நடவடிக்கைக் குறிப்பு காகிதத்திலே அச்சாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இன்றும் படிக்கலாம். இன்று மன்றத்திலே பேசப்படுவதை, அறுபது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் படிக்க, எவனோ ஒரு வணிகனின் சாவிக்குக் காத்திருக்கலாமா?

"நடக்கிற காரியமா?" என்பர். நடந்திருக்கிறது, தோழர்களே! பிரெஞ்சு நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவை, 2007இல் புதிய மன்றம் கூடியபோது, உறுப்பினர்க்கும் உதவியாளர்க்குமான 1,154 கணினிகளிலே உபுண்டு லினக்சை ஏற்றியது. அண்டையிலே கேரளம், தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளிலேயே புகட்டியது. நம் சென்னையிலே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. மைய அரசு 2015இல் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையையே அறிவித்தது. கொள்கை ஏட்டிலே இருக்கிறது. மேசைக்கு வந்ததா என்று கேட்பதே நம் வேலை.

"மியூனிக் நகரம் திரும்பிப் போயிற்றே?" என்று கேட்பவரும் உண்டு. மறைக்கமாட்டேன். 2003இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிய அந்நகர மன்றம், 2017இல் பழைய மென்பொருளுக்கே திரும்ப வாக்களித்தது. அந்த அனுபவம் நமக்குப் பாடம். மென்பொருளை மாற்றினால் மட்டும் போதாது. ஊழியர்க்குப் பயிற்சி வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், ஆட்சி மாறினாலும் மாறாத உறுதி வேண்டும். சூளையிலே சூடு ஏறுமுன் கதவைத் திறந்துவிட்டு மண்ணைப் பழிக்கலாமா?

கேட்க வேண்டியவை மூன்று. மன்றத்தின் ஒவ்வொரு ஆவணமும் ஒருங்குறித் தமிழிலே, எவரும் திறக்கக்கூடிய பொது வடிவிலே சேமிக்கப்பட வேண்டும். 2010இலேயே ஒருங்குறியை அரசு ஏற்றுவிட்டதே! மென்பொருள் வாங்குமுன் கட்டற்றது உண்டா என்று பார்க்க வேண்டும். அதைத் தள்ளினால் காரணத்தை அவைக்குச் சொல்ல வேண்டும். மக்கள் பணத்தில் எழுதப்படும் நிரல் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.

பிறரைக் கேட்குமுன் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் படிப்பகங்களிலே உள்ள பழைய கணினியிலே லினக்சை ஏற்றுங்கள். உறுப்பினர் பட்டியலையும் தீர்மான ஏட்டையும் அதிலே எழுதிப் பழகுங்கள். இடறினால் குறித்து வையுங்கள். இடறிய இடமே அடுத்தவனுக்குப் பாடம். பிறகு நம் சட்டமன்ற உறுப்பினரிடம் செல்வோம். பழகிய கையோடு, அறிந்த நாவோடு கேட்போம்.

சட்டம் இயற்றும் மன்றம், தான் படிக்க முடியாத சட்டத்துக்குக் கட்டுப்படலாகாது. உரைகல் நம் கையிலே இருக்கட்டும்!