மழை பெய்யும் நிலங்கள்



‘மழைமுகம் காணாப் பயிர்போல’ என்னும் உவமைத்தொடரை நம் தமிழ்ப்பள்ளி மாணவர் அறிவர். மொழியணிப் பட்டியலில் அதற்கு நேரே ‘வாட்டம்’ என்று எழுதியிருக்கும். மாணவர் இரண்டையும் மனனம் செய்வர். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவர். அவர்கள் உவமையை உணர்ந்தனரா என்பதே என் கேள்வி.

சிரம்பானை அடுத்த மம்பாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பால்மரத்தை விடியற்பொழுதில் வெட்டுவர். குளிர்ந்த அவ்வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு ஒழுகும். அப்போது மழை பெய்தால் பட்டை நனையும். வெட்டுக்கோட்டின் வழியே மங்கில் இறங்க வேண்டிய பால் பட்டையெங்கும் பரவி வீணாகும். எனவே மரம் காயும்வரை வெட்டு இல்லை. வெட்டு நின்றால் வருவாய் குறையும். லயத்துக் கூரையில் விடியல் மழையின் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மழைமுகம் என்பது தாயின் வாடிய முகம். நெற்பயிர் மழை காணாமல் வாடியது; தோட்டத்துக் குடும்பமோ மழையைக் கண்டு வாடியது.

அப்பிள்ளை உவமையைத் தவறாகப் புரிந்துகொண்டது எனலாமா? தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என நான்கு வழிகளில் ஒப்புமையைக் காண்கிறது. மழையின் பயன் வயலில் ஒன்று, பால்மரக் காட்டில் வேறொன்று. பயன் மாறும்போது உவமை எழுப்பும் உணர்வும் மாறுகிறது. உள்ளுறை உவமத்திற்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே தொல்காப்பியர் நிலைக்களனாக்கினார். ஒரு நிலத்தின் மரத்தையும் விலங்கையும் தொழிலையும் அறிந்தவருக்கே அங்குப் பிறக்கும் குறிப்புப்பொருள் விளங்கும். முல்லைத் திணையில் கார்காலம் தலைவன் திரும்பும் பருவம். இதனை அறியாதவர் அப்பாட்டைப் படித்தால், மழை பெய்தது என்ற செய்தி மட்டுமே அவருக்கு எஞ்சும்.

‘பால்மரம்’ என்ற சொல்லையே பாருங்கள். மரத்தின் வெண்ணீரைப் பால் என்றது உரு ஒப்புமை. எந்தக் குழந்தையும் அருந்த இயலாத அந்தப் பாலே எத்தனையோ குழந்தைகளுக்குச் சோறிட்டது. இங்கே உருவோடு பயனும் சேர்ந்துகொள்கிறது. மலேசியத் தோட்ட மக்களைப் பற்றிய தம் புதினத்திற்கு அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ என்று பெயரிட்டார். தோட்ட வாழ்வை அறிந்தவருக்கு அத்தலைப்பிலேயே தாய்மையும் உழைப்பும் ஒருசேர ஒலிக்கும்.

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. நம் மாணவருள் பலர் வயலையும் கண்டதில்லை, பால்வெட்டையும் கண்டதில்லை. இரு நிலங்களும் கண்ணுக்கு மறைந்தபின் பட்டியல் மட்டும் கையில் நிற்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உவமைத்தொடரின் பொருளைக் கரும்பலகையில் எழுதுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இது எந்த நிலத்தில் பிறந்தது? அங்கே அப்பொருளால் விளைந்த பயன் யாது? நம் ஊரில் அதே பொருள் யாருக்கு என்ன செய்தது? மூன்றாம் வினாவுக்கு விடை பெரும்பாலும் நூலகத்தில் இராது. மாணவர் வீட்டுக்குச் சென்று பாட்டியிடம் கேட்கட்டும். பால் வெட்டிய கைகள் இன்னும் சில இல்லங்களில் உள்ளன. அவர்கள் சொல்லக் கேட்ட மாணவருக்குச் சங்கப் பாட்டின் மழையும் பாட்டியின் மழையும் வேறுபடும் இடம் புலனாகும். இலக்கியப் பொருள்கோள் அங்கிருந்தே தொடங்குகிறது.