தாத்தா கொடுத்த பொறுமை

(தலைப்பு: பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டியது சொத்தா? பண்பா?)



எதிரணி நண்பர் கேட்டார், "பண்பை வச்சுக்கிட்டு ஒரு படி அரிசி வாங்க முடியுமா?" நியாயமான கேள்வி. எங்க வீட்டிலயும் மாசக் கடைசியில இதே கேள்விதான். (சிரிப்பு) சரி, சொத்துன்னு வந்தாச்சு; பெரிசாவே எடுத்துக்குவோம். ரோமாபுரிப் பேரரசு!

கி.பி. 161இல் அந்த அரியணை ஏறியவர் மார்க்கஸ் அரேலியஸ். சுகமா உட்கார முடிஞ்சுதா? கிழக்கே பார்த்தியர் போர். வடக்கே ஜெர்மானியர் படையெடுப்பு. நாட்டுக்குள்ளே கொள்ளைநோய். இத்தனைக்கும் நடுவில், போர்ப் பாசறையிலும் இருந்துகொண்டு, கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதினார். ஊருக்கு உபதேசம் இல்லை ஐயா! தன்னைத்தானே திருத்திக்கொள்ள எழுதியது.

அதில் முதல் பகுதி என்ன தெரியுமா? தனக்கு வந்த சொத்துக் கணக்கு! தாத்தாவிடமிருந்து கோபத்தை அடக்கும் பொறுமை. அம்மாவிடமிருந்து எளிமை, ஈகை. தன்னைத் தத்தெடுத்த பேரரசர் அன்டோனினஸிடமிருந்து சாந்தம், உறுதி. உலகத்துப் பெரிய அரண்மனை கைக்கு வந்த மனுஷன், பெரியவங்க கொடுத்ததுன்னு எண்ணி வச்சது குணங்களைத்தான்! (கைதட்டல்)

"அவர் மகன் எப்படி இருந்தான்?" எதிரணி சிரிக்கிறது. மறைக்க மாட்டேன், சொல்றேன். அவருக்கு முந்தைய நான்கு பேரரசர்களும் தத்தெடுத்தவரிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள். அவங்களுக்கு வாரிசாக மகன் இல்லை. இவருக்கு இருந்தான், கொமோடஸ். பிறந்த ஆண்பிள்ளைகளில் தங்கியது அவன் ஒருவன்தான். நல்ல ஆசிரியர்களை வைத்தார். ஆனால் 177இல் தன்னோடு சேர்த்துப் பேரரசனாகவும் ஆக்கிவிட்டார். அப்போது பையனுக்கு வயசு 15!

180இல் தந்தை மறைந்தார். மகன் சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டு, "நான்தான் ஹெர்குலிஸ்" என்றான். வாள்வீரர்களோடு களத்தில் இறங்கினான். 12 மாதங்களுக்கும் தன் பெயர்களையும் பட்டங்களையுமே வைத்தான். ஜனவரி, பிப்ரவரி எல்லாமே இவன்தான்! (சிரிப்பு) 192ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அந்த மாதப் பெயர்களும் அவனோடு போயின.

நடுவர் அவர்களே, ஒப்புக்கொள்கிறேன். பண்பை உயில் எழுதிப் பதிவு பண்ணிக் கொடுக்க முடியாது. வாங்கிக்கொள்ளவும் ஒரு மனசு வேணும். ஆனா கணக்கைப் பாருங்க. மகனுக்கென்று கொடுத்த அரியணை 12 வருஷத்தில் மகனையே தின்றது. தனக்கென்று எழுதிய குறிப்பு, 1,800 வருஷம் தாண்டி என்னைப் போன்ற ஒரு வாத்தியார் கைக்கு வந்து சேர்ந்திருக்கு!

போன வாரம் பையனோட மார்க்கைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திட்டேன். ராத்திரி அந்தத் தாத்தாவின் பொறுமை ஞாபகம் வந்தது. தூக்கம் வரலை. நாளைக்கு என் பிள்ளையும் ஒரு நோட்டை எடுத்து, "அப்பாவிடமிருந்து" என்று எழுதினால், பக்கத்தில் என்ன எழுதுவான்? வீட்டு மனையின் சர்வே நம்பரையா?

அந்த இடத்தில் எழுத ஒரு நல்ல குணமாவது நான் கொடுத்திருக்கணும். அதனால்தான் சொல்கிறேன், விட்டுச்செல்ல வேண்டியது பண்பே! பண்பே!

(பலத்த கைதட்டல்)